ஊழியமும் இங்கிலீசும்: படுவான்கரையில் வளர்ந்தோர் வகுப்பு யாருடைய கணக்கில்?

செங்கலடியில் பிரதான வீதியை விட்டு மேற்கே பதுளை வீதிக்குத் திரும்பி, கறுத்தப் பாலத்தைக் கடந்து போனால் கரடியனாறு வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமான பூமி. 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பிரதேசம் அது. இன்று அங்கே நாற்பத்தைந்து வயதை எட்டியிருக்கும் ஒருவர் 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அவருடைய பள்ளிக்காலம் இடப்பெயர்விலும் அகதி முகாமிலும் மூடிக் கிடந்த வகுப்பறையிலும் கழிந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம் என்பது பாடத்திட்டத்தில் இருந்ததே தவிர அவர் கொப்பியில் இருக்கவில்லை. வயல்காரருக்கு இங்கிலீசு எதற்கு என்று கேட்பவர்கள் அவர் கையில் இருக்கும் கிளினிக் கொப்பியை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். நோயின் பெயர் டி.எம்., எச்.ரி.என். என்று எழுத்துச் சுருக்கமாக இருக்கும். மாத்திரை உறையில் மருந்தின் பெயர் ஆங்கிலத்திலும், எத்தனை வேளை என்பது பி.டி. என்றோ ரி.டி.எஸ். என்றோ பாதி இலத்தீனிலும் இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் ஒப்பந்தம், பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், கைபேசித் திரை, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எல்லாவற்றிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. சாதாரண தரம் எழுதுபவருக்கு ரியூசன் இருக்கிறது. வளர்ந்தவருக்கென்று பெரும்பாலும் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கிறிஸ்தவ சபைகளின் இலவச இங்கிலீசு வகுப்பு வந்து நிற்கிறது. கூடவே சந்தேகமும் வந்து நிற்கிறது: இது படிப்பிக்கும் வேலையா, ஆள் சேர்க்கும் வேலையா?

இந்தக் கேள்வியை வழமையாக இரண்டு கட்சிகள் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகின்றன. ஒரு கட்சிக்கு இங்கிலீசு வகுப்பு தூண்டில். மறு கட்சிக்கு அது தூய தொண்டு. இரண்டுமே வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தக் கரையின் இருநூறு ஆண்டு அனுபவத்தைக் கோத்துப் பார்த்தால் வேறொரு முடிவு கிடைக்கிறது என்பது என் வாதம். தூண்டிலாகப் போடப்பட்ட ஆங்கிலம் போட்டவர் எதிர்பார்த்த மீனைப் பிடித்ததே இல்லை. அதே வேளை, சபை நடத்தும் வகுப்புகளின் பெரிய குற்றம் மதமாற்றமும் அல்ல. படிக்க வந்தவரின் தேவையை யாரும் கேட்காமல் வகுப்பு நடத்துவது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கற்பவர் அங்கே கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவராக இல்லை, வேறொருவருடைய கணக்கில் ஏறும் தலையாக இருக்கிறார்.

மட்டக்களப்பில் இந்தக் கணக்கு 1814இலேயே தொடங்கிவிட்டது. தோமஸ் கோக்கின் தலைமையில் புறப்பட்ட வெஸ்லியன் மிஷனரிமார் அந்த ஆண்டு காலியில் இறங்கியபோது தலைவர் உயிரோடில்லை; கப்பலிலேயே இறந்துவிட்டார். மிச்சமானவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். 1815 ஏப்ரலில், ஓராண்டு நிறையும் முன்பே, அவர் இங்கே காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இலிருந்தே எண்ணுகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. இங்கிலீசுப் பள்ளி நடத்துங்கள் என்று அந்த மிஷனரிமாரை ஊக்கியது ஆளுநர் பிரவுன்றிக்கின் அரசு. அரசுக்கு எழுத்தர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வேண்டியிருந்தது. ஊர்ப் பெரிய குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் உத்தியோகம் வேண்டியிருந்தது. மிஷனரிக்குத் தன் போதனையைக் கேட்கும் காது வேண்டியிருந்தது. ஒரே வாங்கில் மூன்று கணக்கு. இந்த மூன்றில் எது வென்றது என்பதை வடக்கிலுள்ள வட்டுக்கோட்டை நன்றாகவே காட்டித் தந்தது.

அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி அந்தக் காலத்து ஆசியாவில் பெயர் பெற்ற கல்விக்கூடம். கணிதமும் வானியலும் ஆங்கில இலக்கியமும் அங்கே படிப்பிக்கப்பட்டன. முதல்வர் டானியல் பூவர் தமிழும் படித்தவர். ஆனால் 1855இல் மிஷனே அதை மூடியது. மிஷன் தலைமையகத்திலிருந்து பார்வையிட வந்த ரூபஸ் அண்டர்சனின் குழு கண்ட குறை எளியது: இங்கிலீசு படித்தவர்கள் போதகர்களாக ஊருக்குள் போகவில்லை, அரச உத்தியோகத்துக்குப் போனார்கள். அதாவது கற்றவர்கள் தங்கள் கணக்கை வென்றார்கள், மிஷன் தன் கணக்கில் தோற்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். இருவரும் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளையின் ஏட்டுப் பதிப்புகள் இல்லாமல் இன்றைய சங்க இலக்கிய வாசிப்பு இல்லை. செமினரி மூடியபின் இங்கிலீசு வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். அதன் பயனாகவே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதற்குள் எதிர்த்திசையிலும் ஒரு விடை பிறந்திருந்தது. வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளியின் முறைகளை உள்ளிருந்து கண்டறிந்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார்.

கிழக்கில் அதே விடையைத் தந்தவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பின்பு லண்டன் பட்டமும் பெற்றார். கத்தோலிக்கக் குருமாரிடம் கற்ற ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் கொண்டுபோய் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளில் போட்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் அவர் எழுப்பியது. மிஷன் ஆங்கிலம் வாங்கிய எல்லாரும் மதம் மாறினார்கள் என்று சொல்பவருக்கு அடிகளாரின் வாழ்க்கையே மறுப்பு. மிஷன் பள்ளி இல்லாமலே எல்லாம் நடந்திருக்கும் என்று சொல்பவருக்கும் அது மறுப்புத்தான்.

இந்த வரலாறு பிள்ளைகளைப் பற்றியது, வளர்ந்தோரைப் பற்றியதல்ல என்று ஒருவர் தடுக்கலாம். தடை நியாயமானது, வளர்ந்தோர் வகுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அதில்தான் இருக்கிறது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பெரும்பாலான மிஷன் பள்ளிகள் சபைகளின் கையை விட்டுப் போயின. படிப்பிக்கப் பழகிய கைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. தொழிற்பயிற்சி, விளையாட்டு, மாலை வகுப்பு என்று அது திசைமாறியது. மட்டக்களப்பில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் இதில் ஆழமான தடம் பதித்தவர்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளரும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளருமான யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவரிடம் தொழிலும் பந்தும் பழகிய இளைஞர்களை இந்த ஊர் அவர்களின் மதத்தைக்கொண்டு நினைவில் வைத்திருக்கவில்லை. பின்னால் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வந்தது, 2009இல் போர் முடிந்தது, புதிய சுவிசேஷ சபைகள் வந்தன. இவற்றின் ஊழியம் பழைய சபைகளுடையதைவிட வெளிப்படையானது, அவசரமானது. இலவச வகுப்பைப் பற்றிய இன்றைய சந்தேகம் பெரும்பாலும் இவற்றின் மேல்தான்.

சட்டம் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முயன்று தடுமாறியது. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் மசோதா இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சமயப் பரப்புரையும் நலிந்தோருக்கான பொருளுதவியும் ஒரே அமைப்பின் நோக்கங்களாகச் சேர்வது மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்ற வகையில் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2005 ஒக்ரோபரில் ஐ.நா. மனித உரிமைக் குழு அந்தத் தீர்மானம் சமயச் சுதந்திரத்தை மீறியது என்றது. இடையில் 2004இல், தமிழ்நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில், கட்டாய மதமாற்றத் தடை மசோதா ஒன்றை ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகளை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. தமிழ்நாட்டிலும் 2004இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு ஏற்பாட்டிலும் சிக்கல் ஆசைகாட்டுதல் என்பதன் வரையறையில் இருந்தது. பணமும் பொருளும் வேலையும் ஆசை என்றால் சரி; சனிக்கிழமை மாலை இரண்டு மணிநேரம் வினைச்சொல் படிப்பித்தால் அது எந்தப் பட்டியலில் சேரும்? நீதிமன்றத்தால் இதை அளக்க முடியாது. ஊரால் அளக்க முடியும், அதற்கான அளவுகோல் ஊரிடம் இருந்தால்.

நாற்பது வயது வேளாண்மைக்காரர் ஒருவர் இங்கிலீசுக்காகத் தன் குலதெய்வத்தை விடுவார் என்று நினைப்பதே அவரை அவமதிப்பது. ஆனால் இந்த மறுமொழியோடு நின்றால் அரைவாசிதான் சொன்னதாகும். கணவனை இழந்து, நுண்கடன் தவணையில் சிக்கிய பெண்ணிடம், வகுப்பும் உலருணவுப் பொதியும் ஞாயிறு ஆராதனை அழைப்பும் ஒரே கையால் நீட்டப்பட்டால், அவள் மறுக்கலாம் என்பது ஏட்டளவில்தான் உண்மை. அதே நேரம் அந்தக் கையையும் பெரிதாக்கக் கூடாது. 2012 குடித்தொகைக் கணக்கில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்துக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில், முஸ்லிம்கள் கால்பங்கு, கிறிஸ்தவர்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். மாவட்ட அளவில் பலவீனமான சிறுபான்மை, கிராமத்துக் கூடத்துக்குள் கையில் பொருள் உள்ள தரப்பு: ஒரே சபை ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியும்.

இனி அதிகம் பேசப்படாத பக்கம். மொழி கற்பதற்கு நேரம் பிடிக்கும். மிக எளிய அன்றாட உரையாடலும் படிவ வாசிப்பும் கைவர, அதாவது ஏ2 என்று சொல்லும் நிலையை எட்ட, வழிகாட்டலுடன் 180 முதல் 200 மணிநேரம் வரை வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு கணிக்கிறது. வாரம் ஒருநாள் இரண்டு மணிநேரம் என்றால், ஒரு கிழமையும் தவறாமல் நடந்தாலும் இரண்டு ஆண்டு. கரடியனாற்றில் கிழமை தவறாமல் நடக்காது. பெரும்போக விதைப்பு வரும், வெள்ளம் வரும், வேளாண்மை வெட்டு வரும். குளத்து நீர் கிடைத்தால் சிறுபோகமும் வரும். ஆகவே மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்வதே நேர்மை. இப்போது தொண்டராக வருபவரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மூன்று மாதத்துக்கு வருகிறார். அவரால் தரமுடிவது ஏறத்தாழ 24 மணிநேரம். அதற்குள் மை நேம் இஸ், ஐ ஆம் ஃபைன், வாரத்தின் நாட்கள், ஒரு பாட்டு. அவர் போனபின் அடுத்தவர் வந்து மறுபடி மை நேம் இஸ்ஸிலிருந்து தொடங்குகிறார். மாதக் கட்டணம் வாங்கும் ரியூசன் ஆசிரியர் இப்படிச் செய்தால் மூன்றாம் மாதம் வகுப்பில் ஆள் இருக்காது. இலவச வகுப்பில் இருப்பார்கள், குறையும் சொல்ல மாட்டார்கள். அது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையை வகுப்பின் வெற்றி என்று எழுதி அனுப்புவதுதான் உண்மையான மோசடி. இதில் பைபிளுக்கு ஒரு தொடர்பும் இல்லை.

சொந்தத் தேவையிலிருந்து தொடங்கும் வளர்ந்தோர் கல்வி எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பழகிய கிராமத்துப் பெண்களை நினைக்கலாம். கற்பித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருவினர், வகுப்பு முடிந்தும் ஊரில் இருந்தவர்கள். மிஷனரிகளுக்குள்ளேயே பிராங் லாபக் இருக்கிறார். 1930இல் பிலிப்பைன்சின் மிண்டனாவோவில் முஸ்லிம் மக்களிடையே எழுத்தறிவு இயக்கம் தொடங்கிய அமெரிக்கர். அவர் முதலில் படிப்பித்தது ஆங்கிலம் அல்ல, அந்த மக்களின் மறனாவோ மொழி. ஊதியம் கொடுக்கப் பணம் தீர்ந்தபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற முறை பிறந்தது. கற்பிப்பவர் ஊரார் ஆனதால் வகுப்பு தொண்டரின் விமானச் சீட்டை நம்பியிருக்கவில்லை.

இங்கே இன்னொரு எதிர்ப்பு உண்டு, பல்கலைக்கழகங்களிலிருந்து வருவது. ஆங்கிலம் பரப்புவதே ஏகாதிபத்தியத்தின் தொடர்ச்சி, அதனோடு சுவிசேஷமும் சேர்ந்தால் இரட்டைச் சுமை என்பது. 1992இல் ரொபேட் பிலிப்சன் மொழி ஏகாதிபத்தியம் என்ற தலைப்பிலேயே நூல் எழுதினார். இதற்குப் பொருத்தமான மறுமொழி யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தது. அங்கே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து யாழ் பல்கலைக்கழக மாணவர்களின் பாடநூல்களைத் திரும்ப வாங்கி அவற்றின் ஓரங்களைப் பார்த்தார். அமெரிக்கப் பாத்திரங்களின் மேல் மாணவர்கள் படம் கீறியிருந்தார்கள், சினிமாவையும் போராட்டத்தையும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு ஆங்கிலம் வேண்டும். அதனோடு வந்த உலகத்தை அவர்கள் விழுங்கவில்லை. 1999இல் வந்த அவரது நூலின் அடித்தளங்களில் இதுவும் ஒன்று. அவரே ஒரு கிறிஸ்தவ விசுவாசி. பின்பு 2009இல் மேரி ஷெப்பர்ட் வோங்குடன் சேர்ந்து, கிறிஸ்தவ ஆங்கில ஆசிரியர்களையும் அவர்களை விமர்சிப்பவர்களையும் ஒரே நூலில் எதிரெதிரே பேசவைத்தார். கற்பவர் வெறும் பாத்திரமல்ல, ஊற்றியதையெல்லாம் ஏந்திக்கொள்ள மாட்டார் என்பது அந்த ஓரக் குறிப்புகளின் செய்தி. ஆனால் அந்த மாணவர்களிடம் பேனையும் எழுத்தும் இருந்தன. கரடியனாற்று வகுப்பில் சிலருக்குத் தமிழ் எழுத்தே தடுமாறும். அவர்களுக்கு முதலில் தமிழ் வாசிப்பை உறுதிப்படுத்தாமல் ஏ, பி, சி தொடங்குவது அடித்தளமில்லாமல் கூரை போடும் வேலை.

சிங்களம் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். தமிழும் அரச மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொன்னாலும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும்போதும், கொழும்புக் காரியாலயம் ஒன்றில் நிற்கும்போதும் ஒரு படுவான்கரை மனிதருக்கு உடனடியாகத் தேவைப்படுவது பெரும்பாலும் சிங்களம். அவருடைய தமிழுரிமை நடைமுறைக்கு வரும்வரை அவர் காத்திருக்க முடியாது. அப்படியிருக்க ஏன் எப்போதும் இங்கிலீசு வகுப்பு? சபையிடம் இருப்பது இங்கிலீசு, வரும் தொண்டருக்குத் தெரிந்தது இங்கிலீசு என்பதே காரணம். கையில் இருக்கும் சரக்குக்கு ஏற்பத் தேவையைக் கண்டுபிடிக்கும் வேலை இது. மெதடிஸ்த சபைக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நாடெங்கும் சிங்களச் சபையார் இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொண்டர் யாராலும் தரமுடியாததை அவர்களால் தரமுடியும்.

கடைசியாக விசுவாசிகளின் தடை. நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் படிப்பிக்கச் சொல்வது பாசாங்கு, சாட்சி சொல்லாத தொண்டு பாதித் தொண்டு என்கிறார்கள். யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. தான் கிறிஸ்தவர் என்றும் இந்த வகுப்புக்கு இன்ன சபை செலவு செய்கிறது என்றும் முதல்நாளே சொல்வது மறைப்பதைவிட நூறு மடங்கு நல்லது; மறைத்து நடத்தும் வகுப்புத்தான் ஊரில் கலவரம் கொண்டுவரும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியனின் உவமையில், அவன் தன் மதத்தை மறைத்ததாகவும் இல்லை, காயம் கட்டியதற்கு விலையாக எதையும் கேட்டதாகவும் இல்லை. பிழைக்கும் இடம் பாடத்தையே பிரசங்கமாக மாற்றுவது. வாசிப்புப் பாடம் எல்லாம் சுவிசேஷக் கதை, வகுப்பின் முடிவில் எழும்பிப் போக முடியாத ஜெபம், மூன்றாம் மாதம் சான்றிதழ் ஆராதனையில்தான் என்றால், சைவரும் முஸ்லிமும் மெல்ல நின்றுவிடுவார்கள். மிஞ்சுவது ஏற்கெனவே சபைக்கு வருபவர்கள். பிறகு ஆத்தும ஆதாயமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. வட்டுக்கோட்டை மூடப்பட்டது எதற்காக என்று அண்டர்சனின் குழு கண்டறிந்ததை இன்னொரு முறை, சிறிய அளவில், கண்டறிந்ததுதான் மிச்சம்.

ஆகவே நடைமுறையில் பார்க்க வேண்டியவை சிலவே. வகுப்பைத் தேவாலயக் கூடத்தைவிடப் பொதுநூலகத்திலோ பல்நோக்குக் கட்டடத்திலோ வைப்பது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்க, அங்கு படிக்கும் இந்தப் பிரதேசப் பிள்ளைகளைத் துணை ஆசிரியராக்கி, தொண்டர் போனபின் அவர்கள் கையில் வகுப்பை விடுவது. கிளினிக் கொப்பியையும் ஒப்பந்தப் படிவத்தையும் பாடநூலாக எடுப்பது. இவற்றைவிட முக்கியம், நன்கொடை தந்தவர்களுக்குப் போகும் அறிக்கை. சபைகளின் தொண்டு எந்தத் திசையில் போகிறது என்பதைப் போதகரின் நல்ல மனம் தீர்மானிப்பதில்லை, அந்த அறிக்கையில் எந்த எண்ணிக்கை கேட்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அந்தப் பக்கம் சாயும். எத்தனை பேர் மாத்திரை உறையைத் தாங்களே வாசித்தார்கள் என்று கேட்டால் இந்தப் பக்கம் சாயும். அறிக்கையை அனுப்புவதற்கு முன் தமிழில் எழுதி, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி போதும். கற்க வந்தவர்கள் அங்கேயே எழும்பி, இந்த இலக்கம் பிழை, நான் அதற்காக வரவில்லை என்று சொல்லலாம். அப்படி வாசிக்கத் தயங்கும் அறிக்கை எதுவோ, அதில்தான் ஊராரின் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.